கனிவு யாரிடம்?



பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு இன்று. நற்செய்தி வாசகம் மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. ஆண்டவர் தம் உள்ளத்தைப் பற்றித் தாமே வாய் திறந்து சொல்லும் இடம் அது. அங்கே ஒரு சொல் பெரியவர்கள் காதில் கொஞ்சம் மாறி விழுந்திருக்கும். நம் வாசக நூலில் 'கனிவு' என்று இருக்கிறது. 1995இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு மறைக்கல்வி படித்தவர்களுக்கு அது பழகிய சொல். அதற்கு முன்னால் வளர்ந்தவர்களுக்கோ அந்த இடத்தில் 'சாந்தம்'தான் வரவேண்டும். முதல் வெள்ளிதோறும் திரு இருதயத்தைப் பார்த்து நாம் வைக்கும் மன்றாட்டில் இன்றும் சாந்தமும் தாழ்ச்சியும்தான் கைகோத்து வருகின்றன. நம் மாவட்டத்து இடைக்காட்டூரில் பிரான்சு நாட்டுக் குரு பெர்டினாண்ட் செல் 1894இல் கட்டிய திரு இருதய ஆலயத்துக்குப் போய் முழந்தாளிட்டு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே நாம் வேண்டிக்கொள்வதும் இதே சாந்தத்தைத்தான்.

இந்தக் குணத்துக்குப் பெயர் வைப்பதில் நம் ஊருக்குப் பஞ்சமே இல்லை. 'தன்மையான மனுசன்' என்கிறோம். 'சாதுவான பிள்ளை', 'அமரிக்கையான பொண்ணு', 'ஈரமுள்ள ஆளு' என்கிறோம். 'பையப் பேசுவாக', 'இதமாச் சொல்லுவாக', 'பக்குவமா நடந்துக்கிருவாக' என்று பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறோம். புத்தகத் தமிழுக்குப் போனால் மென்மை, நயம், பரிவு, பணிவு என்று அது பாட்டுக்கு நீளும். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. தன்மை பேச்சிலும் நடத்தையிலும் தெரிவது. ஈரம் அடுத்தவர் கண்ணீரைக் கண்டால் கசிவது. பணிவு தன்னைவிடப் பெரியவர் முன்னால் வருவது. சாந்தம் உள்ளே கொதிப்பு அடங்கிய நிலை. ஆள் அரவமே இல்லாத ஒரு குன்றின்மேல் தனியாக உட்கார்ந்துகூட ஒருவர் சாந்தமாக இருந்துவிடலாம். கனிவை அப்படித் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. எதிரே ஓர் ஆள் வேண்டும். யாரிடமாவதுதான் கனிவாக இருக்க முடியும். அதனால் ஒருவர் கனிவானவரா என்று கேட்டால் கேள்வி பாதிதான். யாரிடம் என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பார்க்கும்போது 'பையன் ரொம்பச் சாது' என்றால் பெண் வீட்டார் முகம் மலர்ந்துவிடும். அதே பையன் கல்யாணமாகி ஒரு கடையை வைத்தபின், கொடுத்த கடனை இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கேட்கத் தயங்கினால், அதே மாமனார் என்ன சொல்கிறார்? 'இப்படிச் சாதுவா இருந்தா எப்படிப் பொழைக்கிறது?' அப்பாவி, ஏமாளி, இளிச்சவாயன், வாயில்லாப் பூச்சி என்று அப்புறம் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். புகழ்ச்சிக்கும் கேலிக்கும் நடுவில் நூல் அளவு இடம்தான். 2018இல் தூய வாழ்வைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலிலும் இந்தக் கவலையைத் தொடுகிறார். இவ்வளவு சாந்தமாக இருந்தால் என்னை முட்டாள் என்றும் பலவீனன் என்றும் நினைத்துவிடுவார்களே என்று ஒருவர் கேட்கக்கூடும் என்கிறார். நினைக்கட்டுமே, சாந்தமாக இருப்பதே எப்போதும் மேல் என்பதுதான் அவர் தரும் பதில். காரைக்குடிக் கடைவீதியில் கேட்கும் கேள்வி வத்திக்கானிலும் கேட்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆண்டவர் காட்டும் கனிவு இயலாதவரின் கனிவா? மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. மலைப்பொழிவின் பேறுகளில் ஒன்று. இன்றைய வாசகத்தில் ஒன்று. ஆண்டவர் கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. அந்த மூன்றாவது இடத்தின் வேர் இன்றைய முதல் வாசகத்தில், செக்கரியா நூலில் இருக்கிறது. அங்கே வருகிறவர் பிச்சை கேட்க வருபவர் இல்லை, அரசர். வெற்றி பெற்ற அரசர். தேரையும் போர்க்குதிரையையும் வில்லையும் ஒழித்துக்கட்டும் அதிகாரம் உள்ளவர். குதிரையில் வரக்கூடியவர் கழுதையில் வருகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குதிரைக்கு வழியில்லாதவர் கழுதையில் வந்தால் அதை இறைவாக்கினர் எழுதி வைத்திருக்க மாட்டார்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொழுவிலிருந்து அவிழ்த்துவிட்டால் பொட்டலில் ஒருத்தரையும் கிட்டே அண்டவிடாத காளை, வீட்டுக்கு வந்து கட்டுத்தறியில் நின்றால் ஆறு வயதுப் பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். பருத்திக்கொட்டை வைக்கும் பெண்ணின் கையை அது நக்கிக்கொடுக்கும். கொம்பு எங்கேயும் போய்விடவில்லை, கூர்மை குறையவும் இல்லை. எதிரே நிற்பது யார் என்று அதற்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காளையைத்தான் நாம் 'வீட்ல ரொம்பச் சாது' என்கிறோம். வண்டியும் இழுக்காமல் பொட்டலிலும் ஓடாமல் கிடக்கும் கிழட்டு மாட்டைச் சாது என்று யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

மோசேயைப் பற்றி எண்ணிக்கை நூல் 12ஆம் அதிகாரம், உலகத்து மனிதர் எல்லாரிலும் சாந்தமானவர் அவர் என்கிறது. பார்வோன் முன்னால் போய் நின்றவர் அவர். கோபத்தில் கற்பலகைகளை எறிந்து உடைத்தவரும் அவர்தான். சாந்தம் என்ற பட்டம் அவருக்கு எந்த இடத்தில் கிடைக்கிறது என்று கவனியுங்கள். உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவரைப் பற்றிப் பேசக்கூடாததைப் பேசுகிறார்கள். மிரியாமுக்குத் தொழுநோய் வருகிறது. 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அக்காவைக் குணமாக்கும்படி கடவுளிடம் கதறுகிறார். வீழ்ந்து கிடப்பவர் தன்னை இழிவாகப் பேசியவரே ஆனாலும், அவரிடம் வெளிப்பட்ட சாந்தம் அது.

இன்றைய நற்செய்தியிலும் இப்படித்தான். இதற்கு முந்தைய ஐந்து வசனங்கள் நம் வாசகத்தில் இடம்பெறவில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். கொராசின், பெத்சாய்தா, கப்பர்நாகும் என்ற மூன்று ஊர்களையும் ஆண்டவர் அங்கே வெளுத்து வாங்குகிறார். எத்தனையோ வல்ல செயல்களைக் கண்டும் மனம் மாறாத ஊர்கள். அந்தக் கண்டிப்பு முடிந்த கையோடு திரும்பி, சுமை சுமந்து சோர்ந்து போனவர்களைத் தம்மிடம் கூப்பிடுகிறார். கண்டித்த வாயும் கூப்பிட்ட வாயும் ஒன்றுதான். தெம்போடு நிமிர்ந்து நின்றவர்களிடம் கண்டிப்பு, முதுகு வளைந்து நின்றவர்களிடம் கனிவு. சுமையை அவர்கள் தலையில் ஏற்றியது யார் என்பதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். தாங்க முடியாத பாரத்தைக் கட்டி மக்கள் தோளில் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலால்கூடத் தொடாத மறைநூல் அறிஞரும் பரிசேயரும்தான்.

அதனால்தான் நுகம் என்ற பேச்சு வருகிறது. ஆண்டவர் தச்சர். அவர் ஏரும் நுகமும் செய்தார் என்று 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். மாட்டின் கழுத்து அளவு பார்க்காமல் செய்த நுகத்தடி என்ன செய்யும் என்று வண்டி கட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். உரசி உரசித் தோல் கிழியும். ஈ மொய்க்கும். நல்ல தச்சர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் உளி வைப்பார். சுமக்கிறவரின் கழுத்தைத் தடவிப் பார்த்தவர் என்பதால்தான் தம் நுகம் உறுத்தாது என்று அவரால் சொல்ல முடிகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம்முடைய கனிவு எந்தத் திசையில் போகிறது?

நம் சீமையின் பேச்சு மரியாதைக்குப் பெயர் போனது. 'வாங்க, நல்லா இருக்கீகளா, சாப்ட்டீகளா' என்று விருந்தாளி வாசலில் கால் வைக்குமுன்னே வரவேற்பு வந்துவிடும். 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'போயிட்டு வாரேன்'தான். செத்துப்போனார் என்ற சொல்லே வாயில் வராது, 'தவறிட்டாக' என்போம். அரிசி தீர்ந்துபோனால்கூட இல்லை என்று சொல்லாமல், நிறைந்து இருக்கிறது என்று சொல்லும் ஆச்சிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கை அணை என்று சொல்லக்கூடாது, அமர்த்து என்றோ குளிர வை என்றோ சொல்ல வேண்டும். பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு இதன் பெயர் நினைவிருக்கும்: மங்கலம். சுடுசொல்லை விலக்கி நல்ல சொல்லை வைப்பதற்கு இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. மத்தேயு அடுத்த அதிகாரத்தில், புகைந்துகொண்டிருக்கும் திரியை அணைக்காதவர் என்று எசாயாவின் வாக்கை ஆண்டவருக்குப் பொருத்திச் சொல்கிறார். வேறு ஊர்க்காரர்களைவிட நமக்கு அது சட்டென்று புரிய வேண்டும். அணை என்ற சொல்லையே விளக்கிடம் சொல்லக் கூசுகிறவர்கள் அல்லவா நாம்!

ஆனால் வீடு மந்திரிக்கப் போகும்போது நான் அடிக்கடி பார்ப்பது இது. 'சாமி வாங்க, உக்காருங்க, மோர் சாப்பிடுறீகளா?' என்று தேனாக ஒரு குரல். அந்தக் குரல் அப்படியே உள்பக்கம் திரும்பும். 'ஏய், அந்தச் சேரை எடுத்துப் போடு, கண்ணு தெரியலையா?' மூச்சுகூட விடவில்லை, அதற்குள் குரல் வேறு ஆளின் குரலாகிவிடும். சேரைத் தூக்கி வரும் அம்மாவுக்கு அந்த வீட்டுக்காரரைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவரையும் 'நீ'தான், அவர் மகளையும் 'நீ'தான். ஹோட்டலில் மேசை துடைக்கும் ஒடிசாப் பையனுக்குப் பெயரே கிடையாது. தாலுகா ஆபீஸில் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு 'சார்', வெளியே வரிசையில் நிற்கும் கிழவிக்கு 'ஏம்மா, சொன்னா வெளங்காதா?' பள்ளிக்கூடத்தில் கல்வி அதிகாரி வந்த நாளில் ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். உபதேசியாரிடமும் கோயில் பிள்ளையிடமும் பேசும் சாமியார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேலே இருப்பவரிடம் காட்டும் மென்மைக்குப் பெரும்பாலும் வேறு பெயர் இருக்கிறது. சில சமயம் மரியாதை, சில சமயம் பயம், சில சமயம் காரியம். நமக்குக் கீழே என்று நாம் நினைக்கிற ஆளிடம் மென்மையாக இருந்தால்தான் அதற்குக் கனிவு என்று பெயர். வள்ளுவரின் அதிகார வைப்பைப் பாருங்கள். இனிய சொல் பேசுவதை இல்லறத்தில் வைத்துவிட்டார், அது எல்லாருக்கும். கண்ணோட்டம் என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசியலில், 58ஆம் அதிகாரமாக. அதற்கு முந்தைய 57ஆம் அதிகாரம், மக்கள் அஞ்சி நடுங்கும்படி ஆட்சி செய்யக் கூடாது என்பது. செங்கோல் வைத்திருப்பவனிடம்தான் கண்ணோட்டத்தைக் கேட்கிறார் வள்ளுவர். கையில் கோல் இல்லாதவன் கண்ணோட்டம் காட்டினான் என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இந்த மண்ணிலேயே நடந்தவை இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் நம் திருச்சபைக்கு வெளியே நடந்தவை. நமக்குப் பாடம் எடுக்கத் தூய ஆவியார் நம் மதத்துக்காரர்களை மட்டுமே அனுப்புவதில்லை.

1927இல் காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தார். சிராவயலில் ஓர் ஆசிரமத்தை நடத்திவந்த ஜீவானந்தம், காந்தியின் வருணாசிரமக் கருத்தை மறுத்து அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஜீவாவுக்கு அப்போது 20 வயது. நாடே மகாத்மா என்று கும்பிடும் ஒருவரை ஒரு கிராமத்து இளைஞர் கேள்வி கேட்கிறார். ஆளனுப்பி வரவழைக்கலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னதாகவும், நானே போய்ப் பார்க்கிறேன் என்று காந்தி கிளம்பியதாகவும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காந்தி சிராவயலுக்குப் போனார் என்பது வரலாறு. போனவர் ஜீவாவிடம், உங்களுக்குச் சொத்து ஏதாவது உண்டா என்று விசாரித்தாராம். இந்த நாடுதான் என் சொத்து என்றாராம் ஜீவா. இல்லை, நீங்கள்தான் இந்த நாட்டின் சொத்து என்றாராம் காந்தி. இந்தப் பதிலைத்தான் எல்லாரும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு அந்தப் பதிலைவிட அந்தப் பயணம் பெரிதாகத் தெரிகிறது. தம்மைக் கேள்வி கேட்ட ஒரு சின்னவரின் வாசலுக்குப் பெரியவர் ஒருவர் நடந்து போனார். வருணாசிரமம் பற்றி இருவருக்கும் இருந்த கருத்து வேறுபாடு அந்த ஒரு சந்திப்பில் கரைந்துவிடவில்லை. ஜீவா பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராக வேறு பாதையில் போனார். ஒருவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால்தான் அவரிடம் கனிவு காட்ட முடியும் என்றில்லையே.

இன்னொருவர் நமக்குக் கூப்பிடு தூரத்துக்காரர், குன்றக்குடி அடிகளார். 1925இல் பிறந்து 1995இல் மறைந்தவர். காவி கட்டிய சைவ மடத்தின் தலைவர். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியாரோடு அவருக்கு நட்பு இருந்தது. பெரியார் மடத்துக்கு வந்தபோது நெற்றியில் திருநீறு பூசப்பட்டதையும், அவர் அதைத் தடுக்காமல் இருந்ததையும், உபசரிப்பவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே ஏற்றுக்கொண்டார் என்பதையும் இங்கே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சியில் கனிவானவர் யார், பூசியவரா பூசிக்கொண்டவரா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் நாம் அடிகளாரை நன்றியோடு நினைக்க வேண்டியது வேறொரு காரியத்துக்காக. 1982இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, உயிர்கள் போய், கடற்கரைக் கிராமங்கள் நடுங்கிக் கிடந்த நேரம். அடிகளார் அங்கே போனார். இரண்டு பக்கத்து மக்களிடமும் பேசினார். காவி உடுத்திய ஒருவர் சிலுவை போட்டவர்களின் குடிசைக்குள் குனிந்து நுழைவதற்கு அன்றைய சூழலில் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தம் பக்கத்தாரிடமே ஏச்சு வாங்க நேரிடும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தாமாக எந்த ஆபத்தையும் தேடிக்கொள்ளாமல் மடத்துக்குள் இருந்து ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். சாந்தமாக இருக்க அது போதும். கனிவுக்கு அது போதவில்லை.

கனிவுடையவர்களுக்கு ஆண்டவர் தருவதாகச் சொல்வது விண்ணகத்தை என்று பலர் நினைக்கிறார்கள். மலைப்பொழிவை மறுபடி பாருங்கள். ஏழையரின் உள்ளத்தோருக்கும் நீதிக்காகத் துன்புறுத்தப்படுவோருக்கும் விண்ணரசு. கனிவுடையோருக்கு மண். 37ஆம் திருப்பாடலில் இருந்து ஆண்டவர் எடுத்த வாக்குறுதி அது. கரம்பையும் கருவேலமுமாகக் கிடக்கிற நம் மண்ணில் இதைக் கேட்கும்போது சிரிப்பு வரலாம். மண்ணை வைத்திருப்பவர்களில் கனிவானவர் எத்தனை பேர் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறீர்கள். தெரிகிறது.

ஆனால் நம்மைச் சுற்றி நிற்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். கட்டிய ஐயாவுக்குப் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று இன்று ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். இரண்டு மழைக்காலம் போனால் உத்திரம் உளுத்துவிடும். கடைசியில் கதவும் தூணும் நிலையும் கண்ணாடிப் படமும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வந்து நிற்கும், யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டுக்குப் போவதற்கு. வீடு விழுந்ததற்குப் பணமில்லாமை ஒன்றே காரணமென்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கும் பங்காளிகளின் வீடுகளும் விழுகின்றன. ஒருவரோடு ஒருவர் பேச்சு நின்றுபோன வீடுகள் அவை. பொங்கலுக்கும் படைப்புக்கும் எல்லாரும் வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீடுகள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே யாரோ ஒரு பெரியம்மா, யாரோ ஒரு சித்தப்பா, தனக்கு வரவேண்டிய வார்த்தையைக் கேட்டு வாங்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அது அவர்கள் கதை என்று நாம் வேடிக்கை பார்க்க வேண்டாம். நம் குடும்பங்களில் வளவு வீடு இல்லாமல் இருக்கலாம். மூன்றடிச் சந்து இருக்கிறது. கூட்டுக் கிணறு இருக்கிறது. அப்பா பேரில் மாறாமல் கிடக்கிற பட்டா இருக்கிறது. தேவகோட்டைக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய் வந்த செலவில் அந்தச் சந்தைப் போல நாலு சந்து வாங்கியிருக்கலாம். வழக்கில் ஜெயித்தவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சந்தில் அவரால் நிம்மதியாக நடக்க முடிகிறதா என்று. பத்திரத்தில் பெயர் ஏறுவதும் மண் நமக்கு உரிமையாவதும் வேறு வேறு காரியங்கள் என்பது நம் ஊர்ச் சர்வேயருக்குக்கூடத் தெரியும்.

இதுவரை சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதையும் பீடத்திலிருந்தே அடைத்துவிட வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் 'சாந்தமாப் போம்மா, செபமாலை சொல்லு, எல்லாம் சரியாயிரும்' என்று பெண்களை அனுப்பிவைத்த ஒரு வழக்கம் நம்மிடையே உண்டு. மனைவியர்க்கு அழகு சாந்தமும் அமைதியும் என்று பேதுருவின் முதல் கடிதம் 3ஆம் அதிகாரத்தை அதற்குத் துணைக்கு இழுப்பார்கள். அதே அதிகாரத்தில் பத்துப் பன்னிரண்டு வசனம் தள்ளி, நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லும்போது இதே சாந்தத்தோடு சொல்லும்படி எல்லாருக்குமே பேதுரு எழுதுகிறார் என்பதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்தக் கணவனுக்கும் சேர்த்துத்தான் அது. ஆண்டவர் என்ன செய்தார்? தலைமைக் குருவின் முன்னால் ஒரு காவலன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் பேசியது தவறானால் எது தவறென்று காட்டும்படியும், சரியானால் எதற்காக அடித்தாய் என்றும் அவனிடமே கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திருப்பி அடிக்கவும் இல்லை, வாய்மூடி வாங்கிக்கொள்ளவும் இல்லை. அடி வாங்குகிற சகோதரிக்கு நான் சொல்கிறேன்: வெளியே வாருங்கள், சொல்லுங்கள். 181 என்ற எண் பெண்கள் உதவிக்காக இரவும் பகலும் இருக்கிறது. பங்கு இல்லத்தின் கதவும் திறந்திருக்கும். கனிவைக் கேட்க வேண்டியது கை ஓங்குகிறவரிடம்.

கனிவானவர் உறுதி தளர வேண்டியதில்லை என்பதற்கு, நம் மறைமாவட்டத்து ஓரியூர் மண்ணில் 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர், பண்டாரச் சாமியாரின் உடையை உடுத்தி, இந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டு, இந்த ஊர்ப் பேச்சைப் பேசினார். அது கனிவு. அவரே, திருமுழுக்குக் கேட்டு வந்த தடியத்தேவர் என்ற அரச குலத்தவரிடம் ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தவில்லை. அரச குடும்பத்துப் பகை தன் தலைமேல் வரும் என்று தெரிந்தும் தளர்த்தவில்லை. பெரிய இடத்து ஆள் என்பதற்காகப் போதனையை இளக்கிச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் சில வருடம் உயிரோடு இருந்திருப்பார். ஓரியூருக்கு நாம் திருப்பயணம் போயிருக்க மாட்டோம்.

சரி, திருப்பலிக்கு வருவோம். காணிக்கையைப் பீடத்தில் வைக்குமுன் சகோதரனோடு ஒத்துப்போகும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நாமோ சமாதான வாழ்த்து நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கும்பிடு, பின்னால் இருப்பவருக்கு ஒரு கும்பிடு என்று முடித்துக்கொள்கிறோம். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை வரும்போதே பார்த்துத்தானே உட்காருகிறோம்! அண்ணன் வடக்குப் பக்கம், தம்பி தெற்குப் பக்கம், நடுவில் இந்தக் கோயில் முழுவதும். அதனால் இன்று சமாதான வாழ்த்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் விடப்போகிறேன். பாடகர் குழுவினர் அவசரப்பட்டு அடுத்த பாடலைத் தொடங்கிவிட வேண்டாம். இடத்தை விட்டு எழுந்து அந்தப் பக்கம் நடந்து போய்ச் சொல்ல வேண்டியவர்கள் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். வயதில் பெரியவர்கள், வசதியில் பெரியவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள் முதலில் எழுந்திருங்கள். சின்னவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இப்போது எல்லாரும் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை செய்வோம்.